‘இது என்ன, துக்க வீடா?’

மலேசியா, சுங்கை சிப்புட் வாசகி ஒருவரின் கடிதம்:

“ஐயா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வயது 31. அப்பா காலமான பிறகு, அம்மாவும் நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தைவிட்டுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாடியில்லாத வரிசை வீடு ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறோம். கூடம் 10 அடிக்கு 14 அடி. எனக்குப் பிடித்தவை மெல்லிய கால்கள் வைத்த வெளிர்நிற மர நாற்காலிகள், சின்ன சோபா, அதிகம் எதுவும் மாட்டாத சுவர். மினிமலிஸ்ட் பாணி என்கிறார்களே, அதுதான். 34 ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவோ செதுக்கு வேலை செய்த தேக்கு சோபா செட், கண்ணாடி ஷோகேஸ், எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை என்று பட்டியல் வைத்திருக்கிறார். லயத்திலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியையும் எறியக் கூடாதாம். கைப்பேசியில் நான் காட்டிய படத்தைப் பார்த்து, ‘இது என்ன, துக்க வீடா? அங்கேதான் ஒன்றுமில்லாமல் கிடந்தோம், இங்கேயுமா?’ என்று கேட்டார். இரண்டு நாள் பேசவில்லை. கையில் 7,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. இந்த எளிய பாணி எங்கிருந்து வந்தது? வெறும் மோகம்தானா? அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?”

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும்விடக் கூர்மையானது உங்கள் அம்மா கேட்ட கேள்வி. அதனால் அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

நம் வீடுகளில் கூடம் எப்போது காலியாகிறது என்று யோசித்துப் பாருங்கள். சாவு விழுந்த அன்று. சோபாவை வெளியே தூக்கிப் போடுவார்கள், மேசையைப் பின்கட்டுக்குத் தள்ளுவார்கள், தரையில் பாய் விரிப்பார்கள். கருமாதி முடிந்த பிறகுதான் பொருள்கள் பழைய இடத்துக்கு வரும். உங்கள் அப்பாவுக்காக அப்படிக் காலியான ஒரு வீட்டை அம்மா அண்மையில்தான் பார்த்திருக்கிறார். வெள்ளைச் சுவரும் ஒற்றை நாற்காலியும் உள்ள படத்தைக் காட்டினால் அவருக்கு வேறு எது நினைவுக்கு வரும்? அவருக்கு ரசனை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். படத்தை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

அடுத்து லயம். நானும் லயத்தில் பிறந்தவன்தான். அப்பா தோட்டத்துத் தச்சர். துரை பங்களா நாற்காலிக்குக் கால் மாற்றுவார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைக்குப் பெஞ்சு அடிப்பார். எங்கள் வீட்டுக்கு ஒரு முக்காலி செய்ய மட்டும் பலகை மிஞ்சாது. நீளமான ஒரே கூரை, குடும்பத்துக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். எங்கள் அறையில் ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிச் சாய்த்த மெங்குவாங் (தாழை ஓலை) பாய்கள், சாமி படத்துக்கு ஒரு பலகை, பிற்பாடு ஒரு டேனிஷ் பிஸ்கட் டின். (டென்மார்க்கின் கைவண்ணம் நம் வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது அந்த நீல டின்னாகத்தான். பிஸ்கட் தீர்ந்ததும் ஊசியும் நூலும் குடியேறிவிடும். ஆசையோடு மூடியைத் திறந்து ஏமாறாத பிள்ளை எங்கள் லயத்தில் இல்லை.)

இப்போது மேடைகளில் சிலர், ‘நம் முன்னோர்தான் முதல் மினிமலிஸ்டுகள், பாயைச் சுருட்டினால் படுக்கையறை கூடமாகிவிடும்’ என்று பேசிக் கைதட்டல் வாங்குகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். கையில் நாலு காசு சேர்ந்ததும் என் அம்மா முதலில் வாங்கியது என்ன தெரியுமா? தவணையில் ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதற்குள் ஒருநாளும் யாரும் தண்ணீர் குடித்திராத ஆறு கண்ணாடிக் குவளைகள், அண்ணன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கிண்ணம், யாரோ கொடுத்த பொம்மை. பயன்படுத்தாமல் வைத்திருக்கவும் நம்மிடம் பொருள் உண்டு என்று ஊருக்குச் சொல்லும் பெட்டி அது. உங்கள் அம்மாவின் பட்டியலில் ஷோகேஸ் இருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பாணிக்கு ஒரே ஊற்று கிடையாது. ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாத சிலர் வெவ்வேறு காரணங்களுக்காக மரச் சாமானிலிருந்து சதையைக் குறைத்தார்கள்.

முதலில் பக்தர்கள். 1774இல் ஆன் லீ என்ற பெண்மணி சிறு கூட்டத்தோடு இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் வழி வந்தவர்களை ஷேக்கர்கள் என்பார்கள். திருமணம் கிடையாது, தனிச்சொத்து கிடையாது, உழைப்பே வழிபாடு. மரத்தில் பூவும் கொடியும் செதுக்குவது அவர்களுக்கு வீண் ஆடம்பரம். அறைச் சுவரைச் சுற்றி வரிசையாக மர முளைகள் அடித்திருப்பார்கள். தரையைக் கூட்டும்போது நாற்காலிகளைத் தூக்கி அவற்றில் மாட்டிவிடுவார்கள். இருக்கையில் தூசு படியக் கூடாதென்று தலைகீழாக மாட்டுவதும் உண்டு. அப்படியானால் நாற்காலி ஒரு கையால் தூக்கும் எடையில் இருந்தாக வேண்டும் அல்லவா? ஏணி போன்ற முதுகு, நாடா பின்னிய இருக்கை, விரல் பருமனை நெருங்கும் குறுக்குச் சட்டங்கள். துடைப்பத்துக்கு வழிவிட வேண்டி மெலிந்த நாற்காலி அது.

அடுத்தவரின் கைவேலையில் நீங்கள் பலமுறை உட்கார்ந்திருப்பீர்கள். ஈப்போ பழைய நகரத்துக்கு வெள்ளைக் காப்பி குடிக்கப் போனால், மார்பிள் மேசையைச் சுற்றி முதுகு வளைந்த கறுத்த மர நாற்காலிகள் இருக்குமே, அவற்றின் பாட்டன் 1859இல் வியன்னாவில் மிக்கேல் தோனெட் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி. பீச் மரக் கழிகளை நீராவியில் வேகவைத்து, அச்சில் இறுக்கி வளைத்தார். மொத்தம் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேறி உலகம் முழுக்கப் போய்விட்டது. அதில் செதுக்கு வேலைக்கு இடமே இல்லை. கூலிக் கணக்கும் கப்பல் கட்டணமும் அதை விலக்கிவிட்டன. ஷேக்கர்களிடம் பக்தி செய்த வேலையைத் தோனெட்டிடம் கணக்குப் புத்தகம் செய்தது.

மூன்றாவது, வீட்டுப் பஞ்சம். முதல் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியில் 1919இல் வால்டர் குரோப்பியஸ் வைமார் நகரில் பவ்ஹவுஸ் என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். இயந்திரத்தில் செய்யக்கூடிய, சாதாரண மக்களின் வீட்டுக்குப் பொருந்தும் பொருள்களை வடிவமைப்பது அங்கே பெரிய கனவு. அங்கிருந்த மார்செல் பிராயர் 1925 வாக்கில் சைக்கிள் கைப்பிடியின் வளைந்த குழாயைப் பார்த்து, இதிலேயே ஏன் நாற்காலி செய்யக் கூடாது என்று யோசித்தார். ஒரு காலத்தில் நம் வாசல்களில் கிடந்த, பிளாஸ்டிக் கயிறு பின்னிய இரும்புக் குழாய் நாற்காலி இருக்கிறதே, அது அந்தக் குடும்பத்துத் தூரத்துச் சொந்தம். நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் பள்ளி மூடப்பட்டது. ஆசிரியர்களில் சிலர் அமெரிக்கா போனார்கள். பாணியும் அவர்களோடு போனது.

ஆனால் அந்தக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நாற்காலி அல்ல, ஓர் அடுப்படி. ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் 1926இல் வரைந்தது. அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் தாமான் வீட்டு அடுப்படியைவிடச் சிறியது. ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் சமையல்காரர் எப்படி நின்ற இடத்திலேயே வேலையை முடிக்கிறார் என்று பார்த்தார். ஒரு வேலைக்குப் பெண் எத்தனை எட்டு வைக்கிறாள் என்று கணக்கெடுத்தார். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குக் கைப்பிடியோடு அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து காய் நறுக்க ஜன்னலோரம் பலகை, அதன் அருகில் ஒரு முக்காலி. சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். அதில் ஒரு குறையும் உண்டு. ஒருவர் மட்டும்தான் நிற்க முடியும். நம் வீட்டில் வடைக்கு மாவு ஆட்டுகிறவரும் பொரிக்கிறவரும் பக்கத்தில் நின்று கதை பேசுகிறவரும் வேறு வேறு ஆட்கள். அந்த அடுப்படியை அப்படியே கொண்டுவந்து வைத்தால் தீபாவளிக்கு முதல்நாளே சண்டை வந்துவிடும்.

வட ஐரோப்பிய நாடுகளின் பங்கு இதே காலத்தில்தான். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1933இல் பிர்ச் மரத்தை வளைத்து ஒரு முக்காலி செய்தார். வட்டப் பலகை, மூன்று கால். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சுழன்று சுழன்று கோபுரம்போல ஏறும். இன்றைக்கும் விற்கிறது. தமிழில் ‘நாற்காலி’, ‘முக்காலி’ என்று கால்களை எண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறோம். பூ வேலைக்குப் பெயரில் இடம் தரவில்லை. சுவீடன் நாட்டு ஐக்கியா நிறுவனம் 1956இல் மேசைக் கால்களைக் கழற்றித் தட்டைப் பெட்டியில் விற்கத் தொடங்கியதும் தோனெட்டின் அதே கணக்குத்தான். 1996இல் அது மலேசியாவுக்கு வந்த பிறகுதான் நம்மவர்களுக்கு இந்த வெளிர்நிறமும் மெல்லிய காலும் பழகின.

ஜப்பானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ என்ற தேநீர் ஆசான் இரண்டே பாய் அளவுள்ள தேநீர் அறையைப் பெரிய அழகாகக் காட்டினார். ஆனால் படத்தில் தெரியாத ஒன்று அங்கே முக்கியம். அந்த வீடுகளில் படுக்கையைப் பகலில் மடித்து வைக்க ஆழமான சுவர் அலமாரி இருக்கும். கூடம் காலியாகத் தெரிவது அலமாரி நிரம்பியிருப்பதால்தான். இதை நினைவில் வையுங்கள். கடைக்குப் போகும்போது தேவைப்படும்.

‘மினிமல்’ என்ற பெயர் இவை எல்லாவற்றுக்கும் பிறகு, 1965இல் ரிச்சர்ட் வோல்ஹைம் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் அக்காலக் கலையைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அந்தக் கலையோடு சேர்த்துப் பேசப்படும் அமெரிக்கக் கலைஞர் டோனல்ட் ஜட், டெக்சஸில் மார்ஃபா என்ற சிற்றூருக்குக் குடிபோனபோது வாங்குவதற்கு நல்ல சாமான் கிடைக்காமல், மரக்கடைப் பலகையை நேராக அறுத்துக் கட்டிலும் மேசையும் செய்துகொண்டார். ஊர்க் கடையில் நல்லது கிடைக்காத எரிச்சல் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 1958இல் இந்திய அரசு அழைத்து வந்த சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி, நாடு சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே மிக அழகானது என்று கொண்டாடியது சொம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், கழுவ எளிதா, சாய்த்தால் எப்படி ஊற்றும் என்று அவர்கள் அடுக்கும் கேள்விகளை உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டினால், ‘இதைச் சொல்லவா அமெரிக்காவிலிருந்து வந்தார்கள்?’ என்பார்.

எளிமை எப்படி விலையேறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘குறைவே நிறைவு’ என்ற வாசகத்தோடு சேர்த்து நினைவுகூரப்படும் மீஸ் வான் டெர் ரோ, பவ்ஹவுஸின் கடைசித் தலைவர். அவர் 1929இல் செய்த பார்சிலோனா நாற்காலி, கண்காட்சிக்கு வரும் ஸ்பெயின் அரசரும் அரசியும் உட்காருவதற்காக. பளபளக்கும் உலோகம், கையால் தைத்த தோல் மெத்தை. தொழிலாளிக்கென்று பேசிய பள்ளியின் வட்டத்தில் பிறந்த அரச நாற்காலி! வட இந்தியாவின் சண்டிகரில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1950களில் அந்தப் புதிய நகரத்தின் அலுவலகங்களுக்காகப் பியர் ஜன்னரே என்ற கட்டடக் கலைஞர் தேக்கிலும் பிரம்பிலும் எளிய நாற்காலிகளை வரைந்து கொடுத்தார். குமாஸ்தாக்கள் உட்கார்ந்து தேய்த்தவை. உடைந்தபோது கிடங்கிலும் மொட்டைமாடியிலும் குவித்துக் கழிவு விலைக்கு ஏலம் விட்டார்கள். அவற்றை வாங்கிப் போன வெளிநாட்டு வியாபாரிகள் பழுது பார்த்து, பணக்காரர் வீடுகளுக்குப் பெருந்தொகைக்கு விற்றார்கள். ஆகவே வெறும் மோகமா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில்: பிறப்பு மோகம் அல்ல. விற்கும் விதத்தில் மோகம் நிறைய இருக்கிறது.

இனி, இந்தக் கடிதத்தை எழுத என்னைத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

கைப்பேசியில் நீங்கள் காட்டிய அந்த வெளிர்நிற நாற்காலி பெரும்பாலும் எந்த மரம் என்று நினைக்கிறீர்கள்? நம் நாட்டில் ‘நோர்டிக்’ என்று சீட்டு ஒட்டி விற்கும் நாற்காலிகளில் பெரும்பங்கு கித்தா மரம். உங்கள் அம்மா வெட்டிய அதே பால்மரம்.

உங்கள் ஊருக்கு அடுத்த ஊரான கோலகங்சாரில் 1877இல் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். தோட்டங்களில் ஒரு மரத்துக்கு ஆயுள் 25, 30 ஆண்டுகள். பால் குறைந்ததும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்ந்த மரம் நீண்ட காலம் வெறும் விறகு. மரவேலைக்கு யாரும் தொடமாட்டார்கள், ஏனென்றால் அதில் மாவுச்சத்து அதிகம். அறுத்துப் போட்ட சில நாள்களில் நீலப் பூஞ்சை படரும்; வண்டு துளைத்து மாவாக உதிர்த்துவிடும். அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் தாங்கும் என்பது உறுதியான பிறகுதான் நிலைமை மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் பங்குண்டு. 1980களில் அது பெரிய ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜொகூரின் மூவார் அதற்குத் தலைநகரம்போல வளர்ந்தது.

இருபது வயதில் நான் மூவாரில் ஒரு தொழிற்சாலையில் மணல்தாள் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க நாற்காலிக் கால்கள். பெட்டிகளின்மேல் வெளிநாட்டுத் துறைமுகங்களின் பெயர்கள். ஒதுக்கிப் போட்ட பலகைகளில் சில நேரம் ஒரு கறுத்த முண்டு தெரியும். பால் வெட்டும் உளி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கினால் அந்த இடம் காயமாகி, மரம் புடைத்து வளரும். காயம் போட்டதற்காக என் அம்மா காலையில் எத்தனை வசவு வாங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பலகையில் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து காட்டினேன். ‘யாரோ புதுசு’ என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இதை வைத்து உங்கள் அம்மாவைக் கண்கலங்க வைத்து ஜெயிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். விடியுமுன் கொசுக்கடியில் அந்த மரத்தின் முன்னால் 34 ஆண்டுகள் நின்றவருக்கு, அதைக் கூடத்தில் வைத்துப் பார்க்கவே பிடிக்காமல் போகலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

அப்படியானால் உங்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. அளவுநாடாவை எடுங்கள். உங்கள் கூடம் சென்டிமீட்டரில் 305க்கு 427. அம்மா கேட்கும் மூன்று, இரண்டு, ஒன்று சோபா செட்டில் ஒவ்வொன்றின் ஆழமும் 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் போட்டால் நடுவில் மிஞ்சுவது 125. அதில் 60 சென்டிமீட்டர் அகலத்தில் டீப்பாய் வைத்தால் இரண்டு பக்கமும் 32, 33 சென்டிமீட்டர். ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டும். முட்டிவலி உள்ளவர் கையில் காப்பித் தட்டோடு நடக்கவே முடியாது. தடையில்லாமல் நடக்க 75 சென்டிமீட்டராவது வேண்டும். இதை அம்மாவிடம் வாயால் சொல்லாதீர்கள். பழைய செய்தித்தாளைச் சோபா அளவுக்கு வெட்டித் தரையில் பரப்பி, அவரை ஒருமுறை அடுப்படியிலிருந்து வாசல்வரை நடக்கச் சொல்லுங்கள்.

கால் வைத்த மெல்லிய சாமான் நம் ஊருக்குப் பொருந்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு. துடைப்பமும் ஈரத்துணியும் அடியில் போகும். கரையான் ஏறினால் கண்ணில் படும். காற்று போகும். தரையோடு ஒட்டிக் கனமாக உட்காரும் சாமானுக்குப் பின்னால் நம் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிப்பதைச் சுவரை நகர்த்திப் பார்க்கும் நாளில்தான் அறிவோம். (சுவரை அல்ல, அலமாரியை! எழுதும் வேகம்.)

இந்தப் பாணியில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் ஈப்போவில் ஒரு குடும்பத்துக்கு எல்லாமே வெள்ளை, எல்லாமே தாழ்வு என்று ஒரு கூடம் அமைத்துக் கொடுத்தேன். மலிவுக்காக மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தினமும் தரை துடைத்த ஈரத்தில் ஓராண்டுக்குள் அலமாரிகளின் அடிப்பாகம் ஊறிய ரொட்டிபோல உப்பிவிட்டது. புதுமனை விழாவுக்கு வந்த பெரியத்தை சோபாவில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அவர் அன்று என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, முதியவர் இருக்கும் வீட்டுக்கு 45 சென்டிமீட்டருக்குக் குறைவாக நான் இருக்கை போட்டதே இல்லை.

ஆகவே உங்கள் 7,000 வெள்ளியை இப்படிச் செலவு செய்யுங்கள். பாதியை, கூசாமல், ஒரு சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை கதவு போட்ட அலமாரிக்குக் கொடுங்கள். ஊர்த் தச்சரிடம் பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். பொங்கல் பானை, பித்தளை, பட்டுப் புடவை, உங்கள் பள்ளிக்கூடக் காகித மூட்டைகள் எல்லாம் உள்ளே போய்விட்டால், கூடம் தானாகவே எளிமையாகிவிடும். இந்த அலமாரி இல்லாமல் மெல்லிய நாற்காலி வாங்கினால் மூன்றே மாதத்தில் அந்த நாற்காலியின்மேல் துணி குவிந்திருக்கும். அலமாரியின் நடுவில் கண்ணுக்கு நேரே நான்கடி அகலத்தை மரக்கதவுக்குப் பதில் கண்ணாடி போட்டு, உள்ளே விளக்கோடு விடச் சொல்லுங்கள். அது அம்மாவின் ஷோகேஸ். உங்கள் பட்டமளிப்புப் படம், அப்பாவின் படம், குடிக்காத குவளைகள் எல்லாம் அங்கே இருக்கட்டும். அதில் என்ன வைப்பது என்று நீங்கள் வாயே திறக்கக் கூடாது.

சோபா ஒன்று போதும், மூன்று பேர் உட்காரும் அளவில், கால் வைத்தது. அதோடு அம்மாவுக்கென்று கைப்பிடியுள்ள தனி நாற்காலி ஒன்று. அந்த ஒன்று மட்டும் அவர் ஆசைப்படும் செதுக்கு வேலைத் தேக்காக இருக்கட்டுமே! சுற்றிலும் எளிய பொருள்கள் இருக்கும்போது செதுக்கு வேலை தனியாகத் துலங்கும். ஆறு பேருக்கு நடுவில் நெருக்கினால் எதுவும் தெரியாது. இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. எல்லாமே மெல்லியதாக இருக்கும் வீடு எனக்குக் கடைக் காட்சியறைபோலத்தான் தோன்றும்.

சாப்பாட்டு மேசை எட்டுப் பேருக்கு வேண்டாம், நான்கு பேருக்குப் போதும். பலகையை நீட்டி ஆறு பேருக்கு ஆக்கும் மேசை கிடைத்தால் நல்லது. நாற்காலிக்குப் பின்னால் நடக்க இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அடுக்கி வைக்கும் முக்காலிகள் ஆறு போதும். மீதிப் பேருக்குப் பாய். அன்றைக்குப் பாய் விரித்தால் யாரும் துக்க வீடு என்று சொல்லமாட்டார்கள், முறுக்குத் தட்டு நடுவில் இருக்கும்.

கித்தா மர நாற்காலியை வாங்குவதானால் கடையில் கவிழ்த்துப் பாருங்கள். மரம் குட்டை என்பதால் துண்டுகளை விரல்கோத்ததுபோலப் பொருத்தி ஒட்டியிருப்பார்கள். அது குறை அல்ல. ஆனால் முன்கால் ஒரே துண்டாக இருப்பது நல்லது. மூலைகளில் முட்டுக்கட்டையும் திருகாணியும் இருக்க வேண்டும், வெறும் பசை போதாது. உட்கார்ந்து இடம் வலமாக ஆட்டுங்கள். சிறு ஓட்டைகளும் அடியில் மாவுபோன்ற தூளும் தெரிந்தால் அந்தக் கடையைவிட்டே வெளியே வாருங்கள். மழைச்சாரல் படும் இடத்தில் இந்த மரத்தை வைக்க வேண்டாம். அது கூரைக்கு அடியில் இருக்க வேண்டிய மரம்.

சுவர் பாலாடைபோன்ற நிறத்தில் இருக்கட்டும். பளீர் வெள்ளை நம் செம்மண் தூசுக்குத் தாங்காது. அம்மாவுக்கும் அந்த வெள்ளைதான் உறுத்தியிருக்கும். சாமி மேடையைப் பற்றி எழுதவில்லை நீங்கள். அதை அவரே தீர்மானிக்கட்டும்.

‘எப்படிப் புரியவைப்பது’ என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவர் புரிந்துகொண்டுதான் கோபித்திருக்கிறார். கடைக்குத் தனியாகப் போகாதீர்கள். அவரை அழைத்துப் போய், எந்த நாற்காலியில் உட்கார்ந்து கைத்தாங்கல் இல்லாமல் எழுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக, அந்த டிரங்குப் பெட்டி. எறிய வேண்டாம். வாசல்பக்கம் செருப்பு மாட்ட உட்காரும் பெஞ்சாக்கலாம் என்று தோன்றுகிறது. அடியில் நான்கு மரக்கால், மேலே ஒரு பலகை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். மூடி பின்பக்கம் முழுதாகச் சாய்கிறதா, அடித்தகட்டில் துரு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதையும் சொன்னால், என்ன கால் போடலாம் என்று வரைந்து அனுப்புகிறேன்.